ஒரு சிட்டிகைச் சரக்கு: களிமண் கூழ் ஓடுவதும் உறைவதும்

களிமண்ணை அறியாத கமக்காரர் எவரும் இல்லை. மாரி மழையின் பின் வயலைச் சேறடிக்கும்போது அது காலடியில் இளகி ஓடும். மிதிப்பதை நிறுத்திவிட்டால் சிறிது நேரத்தில் இறுகி நிற்கும். கோடை வந்ததும் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கும். ஒரே மண், ஒரே நீர். ஆனால் குணமோ பல. இந்தக் குணமாற்றத்திற்குக் காரணம் என்ன என்பதை எம்முன்னோர் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். விஞ்ஞானம் அதன் உள்ளே நடப்பதைக் கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் படிப்படியாகக் கண்டுபிடித்திருக்கிறது.

1983, 1990, 1995, 2009 என வெவ்வேறு ஆண்டுகளில் ஊரைவிட்டுப் புறப்பட்ட எம்மவர்களுள் ஒரு பகுதியினர் தலைநகரில், குறிப்பாகக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், தங்கி வாழ்கின்றனர். வயல் இல்லாத இடத்தில் களிமண்ணைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் களிமண் இங்கும் எம்மைச் சூழ்ந்தே இருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு கடையில் தேநீர் அருந்தும் பீங்கான் கோப்பை, வாடகை வீட்டின் கைகழுவும் தொட்டி, மலசலகூடக் கோப்பை, சுவரில் பதித்த ஓடு யாவும் களிமண்ணிலிருந்து பிறந்தவை. கொட்டாஞ்சேனையில் குழாயைத் திறந்தால் வரும் தெளிந்த நீரோ, களனி கங்கையின் கலங்கல் நீரிலிருந்து களிமண்ணைப் பிரித்தெடுத்ததனால் கிடைத்தது.

கோப்பை செய்பவர் களிமண் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஓட வேண்டும் என்று ஒரு சரக்கைச் சேர்க்கிறார். நீரைத் தெளிய வைப்பவர் அதே துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே இறங்க வேண்டும் என்று வேறொரு சரக்கைச் சேர்க்கிறார். இரண்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள். அந்த உண்மையை விளங்கிக்கொண்டால் சிறுகைத்தொழில் தொடங்க விரும்புவோருக்கும், கட்டிட வேலைக்குப் போவோருக்கும், நாளை ஊர் திரும்பி உவர் ஏறிய நிலத்தைத் திருத்த இருப்போருக்கும் பயன் உண்டு.

கூழ் என்பது என்ன?

பீங்கான் தொழிலில் பயன்படும் வெண்களியைக் கயோலின் என்பர். எமது நாட்டில் இது கொழும்பை அடுத்துள்ள பொரலஸ்கமுவவிலும், தெற்கே மீட்டியாகொடவிலும் கிடைக்கிறது. களுத்துறை மாவட்டத்தின் தெதியவலவில் பசைத்தன்மை கூடிய வேறொரு களி உண்டு. மாத்தளைப் பகுதியில் பெல்சுபார் என்னும் கனியம் அகழப்படுகிறது. இவற்றோடு பளிங்குக் கல்லை மாவாக்கிச் சேர்த்து, நீரில் கரைத்து எடுப்பதே பீங்கான் கூழ். வடக்கில் ஒட்டுசுட்டானில் போருக்கு முன்னர் இயங்கிய ஓட்டுத் தொழிற்சாலையைப் பலர் அறிவர். அங்கே களி பிசைந்து அழுத்தப்பட்டது. கோப்பைக்கும் கேத்தலுக்கும் தொட்டிக்கும் அம்முறை எப்போதும் பொருந்தாது. வளைவும் கைப்பிடியும் கொண்ட பொருள்களைக் கூழை அச்சில் வார்த்தே பெரும்பாலும் செய்கிறார்கள்.

அச்சு ஜிப்சத்தைச் சுட்டு அரைத்த பரிசுச் சாந்தினால் ஆனது. அது நீரை உறிஞ்சும். கூழை அச்சினுள் நிரப்பினால் சுவரோரத்தில் உள்ள நீரை அச்சு இழுத்துக்கொள்ள, களி ஓர் ஓடுபோலப் படியும். சிறிது நேரம் கழித்து எஞ்சிய கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட்டால் உள்ளே கோப்பையின் வடிவம் நிற்கும். அது காய்ந்து சிறுத்ததும் தானாகவே அச்சை விட்டுக் கழன்று வரும்.

சொல்லும்போது இலகுவாகத் தோன்றும் இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. கூழ் ஓட வேண்டும். ஆனால் அதில் நீர் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தெரிகின்றன அல்லவா?

10 கிலோகிராம் உலர்ந்த களியை வெறும் நீரால் மட்டும் நன்றாக ஓடும் கூழாக்க வேண்டுமானால் ஏறத்தாழ 8 முதல் 10 லீற்றர் வரை நீர் வேண்டிவரும். இவ்வளவு நீரைக் குடித்தால் அச்சு சில வார்ப்புகளிலேயே ஊறிப்போய்ப் பயனற்றதாகும். வார்த்த பொருள் காய்வதற்கு நாட்கள் செல்லும். காயும்போது நீர் வெளியேறிய இடமெல்லாம் சுருங்குவதால் வெடிப்பு விழும். ஆனால் அதே 10 கிலோகிராம் களிக்கு 30 கிராம் அளவில் சோடியம் சிலிக்கேற்று என்னும் சரக்கைச் சேர்த்தால், 4 லீற்றருக்குச் சற்று அதிகமான நீரே போதும். கூழ் பாலாடை போல ஓடும். அத்தகைய கூழ் ஒரு லீற்றர் ஏறத்தாழ 1750 கிராம் நிறை இருக்கும். களியின் நிறையில் ஆயிரத்தில் மூன்று பங்கு சரக்கு, பாதி நீரை மிச்சப்படுத்திவிடுகிறது. பாலில் விடும் உறையும், பனையில் முட்டிக்குள் பூசும் சுண்ணாம்பும் எவ்வளவு சிறியவை! ஆயினும் பால் தயிராவதும், கள் ஆகாமல் கருப்பநீராய் நிற்பதும் அவற்றால்தானே. அது போன்றதே இதுவும்.

துணிக்கைகளுக்கு இடையில் நடப்பது

ஒரு கயோலின் துணிக்கை மிக நுண்ணியது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கோ அதற்கும் குறைவோ அதன் அகலம். வடிவத்தில் அது மணல்போல உருண்டையன்று. ஆறு பக்கத் தகடு. ஒரு கிராம் களியில் உள்ள தகடுகளின் மேற்பரப்பையெல்லாம் கூட்டினால் 10 சதுர மீற்றருக்கும் மேல் வரும். ஒரு சிறிய அறையின் தரை அளவு அது. இவ்வளவு பரப்பு இருப்பதனால்தான் மேற்பரப்பில் ஒட்டும் சிறிதளவு சரக்கும் பெரிய மாற்றத்தைச் செய்கிறது.

நீரில் இருக்கும்போது அந்தத் தகட்டின் இரு முகங்களிலும் மறையேற்றம் உண்டு. அதன் விளிம்பிலோ, அமிலத்தன்மையான நீரில் நேரேற்றம் தோன்றும். ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். ஒவ்வாத ஏற்றங்கள் இழுக்கும் என்பது பாடசாலையில் படித்ததே. எனவே ஒரு தகட்டின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் போய் ஒட்டும். அதன்மேல் வேறொன்று ஒட்டும். சீட்டுக்கட்டை நிமிர்த்திப் பிள்ளைகள் வீடு கட்டுவதுபோல நீர் முழுவதும் ஒரு கூடு எழும்பிவிடும். அந்தக் கூட்டினுள் நீர் சிறைப்பட்டு நிற்பதனால் கூழ் தடித்து ஓட மறுக்கிறது. 1942 இல் தீசன் என்ற ஜேர்மன் ஆய்வாளர் மறையேற்றமுள்ள நுண்ணிய தங்கத் துணிக்கைகளைக் கயோலினோடு கலந்து இலத்திரன் நுணுக்குக்காட்டியால் பார்த்தார். தங்கம் தகடுகளின் விளிம்பில் மட்டும் ஒட்டியிருந்தது. விளிம்பில் நேரேற்றம் உண்டு என்பதற்கு அது கண்கண்ட சான்றாயிற்று.

கூழைக் கலக்கும்போது இக்கூடு உடைகிறது, கூழ் ஓடுகிறது. கலக்குவதை நிறுத்தினால் மெல்ல மெல்லக் கூடு மறுபடி எழும்புகிறது, கூழ் உறைகிறது. சேற்று வயலில் நாம் காண்பதும் இதையே.

ஓடச் செய்யும் சரக்கு

சோடியம் சிலிக்கேற்றை நீர்க்கண்ணாடி என்றும் சொல்வதுண்டு. இது கூழில் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, நீரைக் காரத்தன்மையாக்கி விளிம்பின் நேரேற்றத்தைப் போக்குகிறது. இரண்டாவது, சிலிக்கேற்றுத் தானும் விளிம்பில் ஒட்டி அங்கும் மறையேற்றத்தை ஏற்படுத்துகிறது. மூன்றாவது, துணிக்கைகளை ஒட்டவைக்கும் கல்சியத்தையும் மகனீசியத்தையும் பிடித்துத் தன்னோடு கட்டிவிட்டு, அவற்றின் இடத்தில் சோடியத்தை இருத்துகிறது. முடிவில் தகடுகள் எல்லாப் பக்கத்திலும் ஒரே ஏற்றம் கொண்டு ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. கூடு குலைகிறது, சிறைப்பட்ட நீர் விடுதலை பெறுகிறது. புதிதாக நீர் ஊற்றாமலே கூழ் ஓடுவதன் இரகசியம் இதுவே.

சலவைச் சோடா எனப்படும் சோடியம் காபனேற்றும் இவ்வகையில் சேர்ந்ததே. இரண்டையும் பங்கிட்டுச் சேர்ப்பது தொழிலில் பழைய வழக்கம். இன்று பெரிய தொழிற்சாலைகளில் பொலிஅக்கிரிலேற்று முதலிய சேதனச் சரக்குகளும் பயன்படுகின்றன. இவை நீண்ட சங்கிலிபோலத் துணிக்கையில் ஒட்டி நின்று, ஏற்றத்தால் தள்ளுவதோடு இடத்தாலும் மற்றதை நெருங்கவிடாமல் தடுக்கின்றன.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சரக்கைக் கூட்டக்கூட ஓட்டம் கூடிக்கொண்டே போகும் என்று எண்ணக்கூடாது. ஓர் அளவு வரையில் கூழ் இளகும். அந்த அளவைத் தாண்டினால் நீரில் உப்பு மிகுந்து, துணிக்கைகளைச் சுற்றியுள்ள தள்ளுவிசையின் எல்லை சுருங்கிவிடும். அவை மறுபடியும் நெருங்கி ஒட்டத் தொடங்கும். கூழ் முன்னையிலும் மோசமாகத் தடிக்கும். நீர்க்கண்ணாடி மிகுந்தால் அச்சின் முகத்தையும் அது கெடுக்கும். பொருள் அச்சில் ஒட்டிக்கொள்ளும். அனுபவம் உள்ளவர்கள் மிகக்கூடிய ஓட்டம் கிடைக்கும் அளவுக்குச் சற்று முன்னரே நிறுத்திவிடுவார்கள். ஏனெனில் முற்றாக இளகிய கூழில் துணிக்கைகள் மிக நெருக்கமாகப் படிந்து நீர் செல்லும் வழியை அடைத்துவிடும். சுவர் தடிக்க நேரம் எடுக்கும்.

நீரின் குணத்தையும் பாருங்கள்

தொழிலில் பலர் கவனியாத விடயம் நீரின் குணம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்தது. அதனால் அங்குள்ள கிணற்று நீர் வன்னீர். அதில் கல்சியம் மிகுதி. சவர்க்காரம் நுரைக்காததும், கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிப்பதும் இதனால்தான். கல்சியம் களித்துணிக்கைகளை ஒட்டவைக்கும் இயல்புடையது. ஆகவே கொழும்பில் குழாய் நீரைக் கொண்டு பழகிய ஒருவர், அதே அளவுச் சரக்கோடு ஊரில் கிணற்று நீரைக் கொண்டு கூழ் செய்தால் அது ஓடாமல் நிற்கக்கூடும். களி கெட்டது என்றோ சரக்கு கலப்படம் என்றோ முடிவு கட்டுவதற்கு முன், மழைநீரில் ஒருமுறை செய்து பாருங்கள். கடற்கரையை அண்டிய உவர்க் கிணறுகளின் நீர் இவ்வேலைக்கு ஏற்றதன்று.

வைக்கோலும் களிமண்ணும்

விவிலியத்தில் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை அறிவீர்கள். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேல் மக்களுக்கு வைக்கோல் கொடாமல், அவர்களே அதைத் தேடிச் சேர்க்க வேண்டும், செங்கற் கணக்கும் குறையக்கூடாது என்று பார்வோன் கட்டளையிட்டான். சொந்த நிலமற்ற மக்களின் உழைப்பு எப்படிப் பிழியப்பட்டது என்பதை எமக்குச் சொல்லும் பகுதி அது.

இப்பகுதி ஒரு கண்டுபிடிப்போடும் தொடர்புடையது. கார்பரண்டம் என்ற அரத்தூளைக் கண்டுபிடித்த எட்வேட் அச்சிசன் என்ற அமெரிக்கர், களிமண்ணில் தனின் என்னும் துவர்ப்புப் பொருளைச் சேர்த்தால் அதன் குணம் மாறுவதைக் கவனித்தார். தேயிலைச் சாயத்திலும் ஆவாரம்பட்டையிலும் துவர்ப்பது இந்தத் தனினே. எகிப்தியர் வைக்கோலை மண் பிளவுபடாதிருக்க நாராக மட்டுமா சேர்த்தார்கள், அல்லது வைக்கோல் ஊறிய நீரும் களியின் குணத்தை மாற்றியதா என்று அவர் சிந்தித்தார். வைக்கோலை ஊறவைத்த நீரைக் களியில் சேர்த்துப் பார்த்தபோது களி குறைந்த நீரில் இளகியது. காய்ந்தபின் உறுதியும் கூடியது. அதற்கு அவர் ‘எகிப்தியக் களி’ என்று பெயர் சூட்டி, காப்புரிமையும் பெற்றார். வைக்கோலிலிருந்து ஊறி இறங்கும் சேதனப் பொருள்கள் களித்தகடுகளில் ஒட்டி, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கின்றன என்பது இன்றைய விளக்கம். சுவருக்கு மண் குழைக்கும்போது வைக்கோலைப் போட்டுப் பல நாட்கள் புளிக்கவிடும் எமது கிராம வழக்கத்திலும் இதே நியாயம் ஒளிந்திருக்கிறது.

மறுபக்கம்: தெளியச் செய்யும் சரக்கு

இனிக் குழாய் நீருக்கு வருவோம். மழைக்காலத்தில் களனி கங்கை செந்நிறமாகக் கலங்கி ஓடும். அந்த நீரை எத்தனை நாள் வைத்திருந்தாலும் முற்றாகத் தெளிவதில்லை. மிக நுண்ணிய களித்தகடுகள் ஒன்றையொன்று தள்ளி நிற்பதால் அவை கீழே இறங்குவதில்லை. அம்பத்தலை நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இந்த நீருக்கு அலுமினிய உப்புச் சேர்க்கப்படுகிறது. அலுமினியம் துணிக்கைகளின் மறையேற்றத்தைத் தணிக்க, அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுபோலத் திரண்டு அடியில் படிகின்றன. அதன் பின்னரே வடித்தலும் குளோரீன் இடுதலும் நடைபெறும்.

ஏன் சோடியம் அன்றி அலுமினியம்? அயனின் ஏற்றம் கூடக்கூட ஒட்டவைக்கும் வல்லமை மிக வேகமாகக் கூடுகிறது. 1882 இல் சுல்சவும் 1900 இல் ஹார்டியும் கண்ட விதி இது. சோடியத்திற்கு ஓர் ஏற்றம், கல்சியத்திற்கு இரண்டு, அலுமினியத்திற்கு மூன்று. கோட்பாட்டுக் கணக்கின்படி அவற்றின் வல்லமை 1, 64, 729 என்ற விகிதத்தில் அமையும். ஆகவேதான் ஒரு சிட்டிகைப் படிகாரம் ஒரு வாளி நீருக்குப் போதுமாகிறது.

எம்முன்னோர் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரைத் தெளியவைத்தனர். கலித்தொகையிலேயே இதற்குக் குறிப்பு உண்டு. சூடான் நாட்டில் நைல் நதிக்கரைப் பெண்கள் முருங்கை விதையை இடித்து இதே வேலைக்குப் பயன்படுத்தினர். முருங்கை விதையில் நேரேற்றமுள்ள ஒரு புரதம் இருப்பதே காரணம். நன்கு முற்றிக் காய்ந்த விதையின் தோலை நீக்கி இடித்து, ஒரு லீற்றர் கலங்கல் நீருக்கு ஒரு விதை வீதம் கலந்து, முதலில் வேகமாகவும் பின் மெதுவாகவும் கலக்கி, ஒன்றிரண்டு மணித்தியாலம் விட்டால் நீர் தெளியும். படிகாரமாயின் 10 லீற்றர் வாளிக்கு இரு விரலால் கிள்ளிய சிட்டிகை போதும். இங்கும் மிகை கூடாது. மிகுந்தால் நீர் புளிக்கும், தெளிவும் கெடும். மிக முக்கியமாக ஒன்றை நினைவிற் கொள்க: தெளிந்த நீர் எல்லாம் சுத்தமான நீர் அன்று. தெளிவித்த பின்னும் கொதிக்கவைத்தே பருக வேண்டும். முருங்கை விதை சேர்த்த நீரை மறுநாளுக்கு வைக்கலாகாது.

கட்டிட வேலையிலும் இதுவே

வெள்ளவத்தையில் எழும்பும் தொடர்மாடிக் கட்டிடங்களில் வேலை செய்யும் எம்மவர் பலர். அங்கே கொங்கிறீற்றைக் குழாய் வழியாக மேல்மாடிக்குத் தள்ளுவதைக் கண்டிருப்பார்கள். சீமெந்துத் துணிக்கைகளும் நீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் இயல்புடையவை. 1960களில் யப்பானிலும் ஜேர்மனியிலும் உருவாக்கப்பட்ட சரக்குகள் அத்திரளைப் பிரித்து, நீரைக் கூட்டாமல் கலவையை ஓடச் செய்கின்றன.

இச்சரக்கு இல்லாத சிறு வேலைகளில் கலவை ஓடவில்லையென்றால் ஒரு வாளி நீரை ஊற்றிவிடுவது வழமை. வேலை இலகுவாகும், ஆனால் மிகை நீர் வெளியேறிய இடமெல்லாம் நுண்துளையாகி, சுவரும் தூணும் பலம் குன்றும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கி 1990 வரை இயங்கியது. அந்தச் சீமெந்தில் கட்டிய வீடுகளுள் உறுதியாய் நின்றவை பல. நல்ல சீமெந்தோடு நீரை அளந்து ஊற்றிய மேசனுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு. ஊர் திரும்பி வீடு கட்டுவோர் இதை மறவாதிருத்தல் நன்று.

நிலம் காத்திருக்கிறது

கமக்காரருக்கு இவ்வறிவின் பெரும்பயன் நிலத்தில்தான் உள்ளது. பல ஆண்டுகள் கைவிடப்பட்டு, தடுப்பணைகளும் வாய்க்கால்களும் பழுதுபட்டுக் கிடந்த கடலோர வயல்களில் உவர் ஏறிவிடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கொண்டுவந்த உப்பையும் நாம் அறிவோம். கடல்நீரில் சோடியமே மிகுதி. உப்பு நிறைய இருக்கும்வரை களி திரண்டே இருக்கும். மழைநீர் உப்பைக் கழுவியபின், துணிக்கைகளில் ஒட்டிய சோடியம் மட்டும் எஞ்சும்போது வேறொரு தொல்லை தொடங்கும். கோப்பைக் கூழில் நன்மை செய்த அதே சோடியம் இங்கே தீமை செய்கிறது. களித்தகடுகள் பிரிந்து நீரில் மிதந்து, மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும். மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் பாலாய்த் தேங்கி நிற்கும். காய்ந்தால் ஓடுபோல இறுகி முளையை மேலெழ விடாது.

இதை அறிய 1967 இல் அவுஸ்திரேலிய மண்ணியலாளர் எமர்சன் வகுத்த முறை எவரும் செய்யக்கூடியது. கண்ணாடிப் பாத்திரத்தில் மழைநீரை விட்டு, பயறளவான ஓர் உலர்ந்த மண்கட்டியை மெதுவாக அதில் இடுங்கள். ஆட்டவோ கலக்கவோ வேண்டாம். சில மணித்தியாலத்தின் பின் பாருங்கள். கட்டி உதிர்ந்து, சுற்றியுள்ள நீர் தெளிவாகவே இருந்தால் கவலை இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் போன்ற மேகம் படர்ந்தால் மண்ணில் சோடியம் மிகுதி. அத்தகைய நிலத்திற்கு ஜிப்சம் இடவேண்டும். அதிலுள்ள கல்சியம் சோடியத்தை வெளியேற்றித் துணிக்கைகளை மறுபடி திரளச் செய்யும். வெளியேறிய சோடியம் வடிந்தோட வாய்க்கால் இருத்தல் அவசியம்; வடிகால் இல்லாமல் ஜிப்சம் இடுவது பணத்தை வீசுவதாகும். எவ்வளவு இடுவது என்பது மண்ணுக்கு மண் வேறுபடும். மண்ணைப் பரிசோதிப்பித்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி செய்க.

வீட்டில் செய்து பார்க்க

1. நான்கு கண்ணாடிப் போத்தல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் மழைநீரையும் ஒரு தேக்கரண்டி நுண்ணிய களியையும் இடுங்கள். முதலாவதில் வேறெதுவும் வேண்டாம். இரண்டாவதில் சிட்டிகை சலவைச் சோடா, மூன்றாவதில் சிட்டிகை படிகாரம், நான்காவதில் ஒரு தேக்கரண்டி கறியுப்பு. நன்கு குலுக்கி வைத்துவிட்டு எது முதலில் தெளிகிறது, எது மறுநாளும் கலங்கி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. பால்மா ரின் ஒன்றின் அடியில் ஆணியால் சிறு துளை இடுங்கள். அரிதட்டில் அரித்த களியைத் தடித்த கூழாக்கி, துளையை விரலால் மூடி ரின்னை நிரப்பி, விரலை எடுத்ததும் வடிந்து முடிய எத்தனை விநாடி செல்கிறது என்று பாருங்கள். பின் அக்கூழில் நீர்க்கண்ணாடியைத் துளித் துளியாகச் சேர்த்துக் கலக்கி, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். நேரம் குறைந்து குறைந்து வந்து, ஓரிடத்தில் மறுபடி கூடத் தொடங்கும். அந்தத் திருப்பத்திற்குச் சற்று முந்திய அளவே உங்கள் களிக்கு உரிய அளவு.

எல்லாக் களிகளும் வார்ப்புக்கு ஏற்றவை அல்ல. ஊர்ச் செங்களியில் கரையும் உப்புகள் இருக்கலாம். சில களிகள் எவ்வளவு சரக்கிட்டும் இளகா. ஆகவே கடன் பட்டு அச்சுகளும் சூளையும் அமைப்பதற்கு முன்னர் ஒரு வாளிக் களியில் இச்சோதனையைச் செய்து பார்ப்பது புத்தி. சோடாவும் நீர்க்கண்ணாடியும் கண்ணிற் படாமலும் பிள்ளைகளின் கைக்கு எட்டாமலும் வைத்திருங்கள். காய்ந்த களித்தூசி நெஞ்சுக்குக் கேடு. பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

அளவறிந்து செய்தல்

கூழ் ஓடவில்லையென்றால் நீரை ஊற்றுவது யாருக்கும் உடனே தோன்றும் வழி. அதன் விலையைப் பின்னர் வெடிப்பாகவும், பலவீனமாகவும், வீணான விறகாகவும் கொடுக்கிறோம். துணிக்கைகளுக்கு இடையேயுள்ள உறவை அறிந்து, தக்க சரக்கைத் தக்க அளவில் இடுவதே நிலைத்த வழி. எங்கே பிரிய வேண்டும், எங்கே சேர வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது. கோப்பைக்குப் பிரிவு நன்று. குடிநீருக்கும் வயலுக்கும் சேர்க்கை நன்று. நிலத்தை விட்டுவந்த காலத்திலும் மண்ணைப் பற்றிய அறிவை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. கொழும்பிலே பிறந்து வளரும் எமது பிள்ளைகளுக்கு நான்கு போத்தல்களைக் கொண்டு அதைச் சொல்லிக்கொடுக்கலாம். நிலம் திரும்பக் கிடைக்கும் நாளில், அதைத் திருத்தும் கைகள் ஆயத்தமாய் இருக்கட்டும்.